டவர் ஃபுல்லா இருக்கு, ஆப் மட்டும் சுத்துது!

மோசமான நெட்வொர்க்கில் ஒரு ஆப் எப்படி நடந்துகொள்ளும், அந்த மோசத்தை எப்படி அளப்பது, அதே மோசத்தை அலுவலக மேசையிலேயே எப்படி உண்டாக்கிப் பார்ப்பது என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததில் பாதி, நெட்வொர்க் கம்பெனிகளைத் திட்டி எழுதியவை. அவற்றை மனதுக்குள் ஆமோதித்துவிட்டு மீதியை எடுத்துக்கொண்டேன்.

போனில் டவர் ஃபுல்லாகக் காட்டுகிறது. ஆனால் நாங்கள் ப்ராஜெக்டுக்காகச் செய்த ஆப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கோடு பொய் சொல்கிறதா?
– கல்லூரி மாணவி, கோவில்பட்டி

பொய் சொல்லவில்லை, அது சொல்கிற சேதியே வேறு. டவர் எந்நேரமும் அனுப்பிக்கொண்டிருக்கும் ஓர் அடையாள சிக்னல் உங்கள் போனுக்கு எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதை மட்டும்தான் கோடு காட்டுகிறது (அதிலும் எவ்வளவு பலத்துக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது). அந்த டவரை உங்களோடு சேர்த்து எத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பது கோட்டில் வராது. உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது உதாரணம்: சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூர் கடற்கரையில் நின்று பாருங்கள், டவர் ஃபுல்லாக இருக்கும், ஒரு போட்டோ போகாது.

அதனால் கோட்டை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பக்கம் போய் சிம் ஸ்டேட்டஸைத் திறந்தால் டிபிஎம் (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) கணக்கில் ஓர் எண் இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் ஃபீல்டு டெஸ்ட் திரை வரும். 4ஜியில் மைனஸ் 80 பக்கம் இருந்தால் அமோகம், மைனஸ் 100 ஓடும், மைனஸ் 115-க்கும் கீழே போய்விட்டால் தடுமாற்றம்தான். 80-க்கும் 110-க்கும் வித்தியாசம் வெறும் 30 தானே என்று நினைக்கக் கூடாது. இது மடக்கைக் கணக்கு, 30 என்றால் ஆயிரம் மடங்கு. இன்னொரு விஷயம், சிக்னல் பலமாக வந்தும் பக்கத்து டவரின் சிக்னலும் கிட்டத்தட்ட அதே பலத்தில் வந்து மோதினால் போனுக்கு எதுவும் விளங்காது. கல்யாண மண்டபத்தில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி. அதைச் சொல்லும் எண்ணுக்குப் பெயர் எஸ்ஐஎன்ஆர். ஃபீல்டு டெஸ்ட் திரையிலோ சிக்னல் பார்க்கும் ஆப் ஏதாவது ஒன்றிலோ கிடைக்கும். பக் ரிப்போர்ட்டில் "நாலு கோடு இருந்தது" என்று எழுதுவதற்குப் பதில் இந்த இரண்டு எண்களையும் நேரத்தையும் எழுதினால், உங்கள் ப்ராஜெக்ட் கைடு ஒருவேளை சந்தோஷப்படுவார்.

ஸ்பீடு டெஸ்டில் 40 எம்பிபிஎஸ் வருகிறது. வீடியோ காலில் மட்டும் ஆள் உறைந்து நிற்கிறார். எதை அளந்தால் உண்மை தெரியும்?
– வாசகர், திருச்சி

ஸ்பீடு டெஸ்ட் ஆப்கள் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சர்வரோடு ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, சில விநாடிகள் மூச்சுப் பிடித்து இழுத்து, மொத்தம் எவ்வளவு வந்தது என்று சொல்கின்றன. வீடியோ காலுக்கு அந்த 40-இல் ஒன்றிரண்டு போதும். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டும் (டேட்டாவை வெட்டி அனுப்பும் சிறு துண்டு) நேரத்துக்கு வர வேண்டும். ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேசுகிறவர்களுக்கு உறுத்தாது, 400-ஐத் தாண்டவே கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பழைய பரிந்துரை, ஜி.114 என்று பெயர்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, சும்மா இருக்கும்போது ஒரு நிமிடம் பிங் போடுங்கள் (ஒரு சிறு பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லும் கட்டளை). அப்புறம் பெரிய ஃபைல் ஒன்றை இறக்கவிட்டு, அது ஓடும்போதே மறுபடி பிங் போடுங்கள். 45 மில்லிசெகண்டில் இருந்தது 900-க்குப் போனால் பிரச்சினை வேகத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. டவர் பக்கமோ ரவுட்டரிலோ பாக்கெட்டுகளைக் கீழே போட மனசு வராமல் அடுக்கி அடுக்கி வைத்துக்கொள்ளும் பெரிய பஃபர் ஒன்று இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பஃபரில் 1 எம்பி, அதாவது 8 மெகாபிட், தேங்கி நிற்கிறது, அந்த நேரத்தில் உங்களுக்குக் கிடைக்கிற வேகம் 2 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 2 மெகாபிட்) என்றால், கடைசியில் வந்து நிற்கும் பாக்கெட் 4 விநாடி காத்திருக்க வேண்டும். அது உங்கள் வீடியோ காலின் பாக்கெட்டாக இருந்தால் ஆள் உறையாமல் என்ன செய்வார்? ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைத் துருவிப் பார்த்து, 2010 வாக்கில் பஃபர்ப்ளோட் என்ற பேரைப் பரப்பினார்.

பிங்கில் இரண்டு இடங்களில் ஏமாறலாம். போன் சும்மா இருந்தால் அதன் ரேடியோ உறங்கப் போய்விடும், எழுப்பி டவரோடு பேச்சைத் தொடங்கவே கொஞ்சம் நேரமாகும், அதனால் முதல் பிங் பெரிதாக வரும். அது பிழை என்று அழித்துவிடாதீர்கள், உங்கள் ஆப்பைத் திறக்கிறவர் தினமும் அனுபவிப்பது அந்த முதல் பிங்கைத்தான். இரண்டாவது, கடைசியில் வரும் சராசரியை மட்டும் எழுதிவைப்பது. 200 மில்லிசெகண்டுக்கு ஒன்று வீதம் பத்து நிமிடம் ஓடவிட்டு, மிக மோசமான நூற்றில் ஒரு பங்கு எவ்வளவு, பதிலே வராமல் போன மிக நீண்ட இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள்.

நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யுடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் பாக்கெட்டை அனுப்பும் முறை) சோதனையில் வேகத்தை நீங்களாகச் சொல்லாவிட்டால் அது 1 எம்பிபிஎஸ் மட்டுமே அனுப்பும். "எங்கள் 5ஜி வெறும் 1 எம்பிபிஎஸ்தான்" என்று முடிவுகட்டிய அறிக்கை ஒன்றை நான் படித்திருக்கிறேன். எழுதியவர் இப்போது மூத்த பதவியில் இருக்கிறார், அதனால் இத்தோடு விட்டுவிடுகிறேன்.

"குரோமில் ஸ்லோ 3ஜி போட்டு டெஸ்ட் பண்ணிவிடு, போதும்" என்கிறார் எங்கள் மேனேஜர். போதுமா?
– சாஃப்ட்வேர் டெஸ்டர், கோயம்புத்தூர்

போதாது. குரோம் பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க்கை வேண்டுமென்றே மெதுவாக்கும் அமைப்பு அது. ஆனால் அவர் சொன்னதை முழுக்கத் தள்ளவும் வேண்டாம், வெப் பக்கத்தில் 4 எம்பி படம் ஒன்று உட்கார்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க அது நல்ல கருவிதான். அதன் குணம் என்ன என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். பிரவுசருக்குள் ஒவ்வொரு ரிக்வெஸ்டையும் கொஞ்சம் நிறுத்திவைத்து மெதுவாக விடுகிறது, அவ்வளவுதான். கீழே ஓடும் பாக்கெட்டுகளைத் தொடுவதில்லை. வெப் பக்கத்தின் வேகத்துக்கு மார்க் போடும் லைட்ஹவுஸ் ரிப்போர்ட் எடுக்கிறீர்களே, அதில் மொபைல் நெட்வொர்க் என்று வைத்திருப்பது 150 மில்லிசெகண்ட் தாமதம், 1.6 எம்பிபிஎஸ் இறக்கம், 750 கேபிபிஎஸ் ஏற்றம். தொடக்கத்திலிருந்து முடிவு வரை அதே எண்கள். ஆடாமல் அசையாமல் மெதுவாக ஓடும் நெட்வொர்க் கிடைத்தால் நான் கோயிலுக்குத் தேங்காய் உடைப்பேன்.

நிஜத்தில் காற்றில் நடப்பது வேறு. 4ஜியில் ஒரு துண்டு கெட்டுப்போய் வந்தால் போன் "விளங்கவில்லை" என்று சொல்லும், டவர் சுமார் 8 மில்லிசெகண்டில் மறுபடி அனுப்பும், அதுவும் கெட்டால் மறுபடி. அதற்கு மேல் உள்ள அடுக்கில் இன்னொரு மறுமுயற்சி. வைஃபையும் அப்படித்தான், கிடைத்தது என்ற ஒப்புதல் வராவிட்டால் கார்டு விடாமல் பலமுறை முயன்று பார்க்கும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். இதனால் காற்றில் நடந்த சேதம் உங்கள் ஆப் வரைக்கும் பாக்கெட் இழப்பாக வந்து சேர்வது குறைவு, பெரும்பாலும் தாமதமாக உருமாறித்தான் வருகிறது. 50, 50, 50 என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 700 ஆகும், பின்னாலேயே ஆறு பாக்கெட் ஒரே மூச்சில் விழும். லிஃப்டுக்குள் போனால், பேஸ்மென்டில் இறங்கினால், ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அது சொதப்பினால், பல விநாடிகள் எதுவுமே வராது. ஆப்பை உடைப்பது இந்த ஏற்ற இறக்கமும் மௌனமும்தான். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் டெலிவரி செய்கிறவர்களுக்கான ஆப் ஒன்று செய்தோம், ஓஎம்ஆரில் ஏழாவது மாடியில் உட்கார்ந்து ஸ்லோ 3ஜி போட்டு எல்லா டெஸ்டும் பாஸ். களத்துக்குப் போனதும் "டெலிவர்ட்" என்பது ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பதிவாக ஆரம்பித்தது. மூன்று வாரம் சர்வரைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் ஒருவர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் பார்க்கிங்கில் போய் உட்கார்ந்து பார்த்ததில்தான் தெரிந்தது: பட்டனை அமுக்குகிறார்கள், ஒன்பது விநாடி அசைவில்லை, மறுபடி அமுக்குகிறார்கள், டவர் வந்ததும் இரண்டும் சேர்ந்து போகின்றன.

சரி, என்ன செய்யலாம்? பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே நெட்எம் என்ற பகுதி இருக்கிறது, டிசி என்ற கட்டளை வழியாக அதனிடம் தாமதம், ஆட்டம் (தாமதம் எவ்வளவு கூடிக் குறையலாம் என்பது), இழப்பு, வேகம் எல்லாம் சொல்லலாம். ஸ்டீபன் ஹெம்மிங்கர் எழுதியது, காசு கிடையாது. ஆனால் கால் தடுக்கும் இடங்கள் உண்டு. நெட்எம் வெளியே போகும் பாக்கெட்டைத்தான் பிடிக்கும், உள்ளே வருவதைத் தானாகத் தொடாது. நடுவில் நிற்கும் லேப்டாப்பில் இரண்டு பக்க கார்டிலும் தனித்தனியாகப் போட்டால் இரண்டு திசையும் அடங்கும். ஆட்டம் என்று ஒரு எண்ணைக் கொடுத்தால் அது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித்தனியே தாமதம் போடும், அதனால் பின்னால் வந்தது முன்னால் போய்விடும். நிஜ 4ஜி பெரும்பாலும் வரிசையைக் காப்பாற்றித் தருகிறது, ஆக இல்லாத நோய் ஒன்றை நீங்கள் உண்டாக்குகிறீர்கள். அப்புறம் அதன் வரிசைக் கொள்ளளவு, நீங்கள் மாற்றாதவரை, 1000 பாக்கெட். 100 எம்பிபிஎஸ் ஓட்டத்துக்கு 200 மில்லிசெகண்ட் தாமதம் போட்டால் 1600-க்கும் மேற்பட்ட பாக்கெட் உள்ளே நிற்க வேண்டும், இடமில்லாமல் கீழே விழும், நீங்களோ ஆப்பில் கோளாறு என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள். போனை அந்த லேப்டாப்போடு வைஃபையில் இணைத்தால் அலுவலகத்து வைஃபையின் நெரிசலும் கணக்கில் கலந்துவிடும், யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் போட்டு ஒயரில் இணைப்பது உத்தமம். எல்லாவற்றுக்கும் முன்னால், ஆப்பைத் தொடாமல், அந்த லேப்டாப் வழியாக வெறும் பிங்கும் ஐபெர்ஃப்பும் ஓட்டி, நீங்கள் கேட்ட எண்கள்தான் வருகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். தராசைச் சரிபார்க்காமல் எடை போடுகிறவர்கள்தான் அதிகம்.

எங்கள் நிறுவனத்தில் பாக்கெட் இழப்பு 5 சதவீதம் என்று வைத்துச் சோதிக்கிறோம். இது நியாயமான எண்தானா?
– மென்பொருள் பொறியியலாளர், யாழ்ப்பாணம்

எண்ணை விட, அது எப்படிப் பரவியிருக்கிறது என்பது முக்கியம். 5 சதவீதம் என்று மட்டும் சொன்னால் கருவி ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனியாகச் சீட்டுக் குலுக்கும். காற்றில் இழப்பு அப்படித் தூவினாற்போல வராது, கொத்துக் கொத்தாக வரும். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை, அப்புறம் சேர்ந்தாற்போல நாலைந்து போய்விடும்.

தூவின இழப்பு டிசிபியை (தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பி, இழப்பைக் கண்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறை) அநியாயத்துக்குத் தண்டிக்கும். பழைய பாணி டிசிபிக்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு: பாக்கெட் அளவைப் போய்வரும் நேரத்தால் வகுத்து 1.22-ஆல் பெருக்கி, இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 1460 பைட், 100 மில்லிசெகண்ட், இழப்பு வெறும் 1 சதவீதம் என்று போட்டால் கிடைப்பது சுமார் 1.4 எம்பிபிஎஸ். பைப் 100 எம்பிபிஎஸ் என்றாலும் அதே 1.4 தான்! 5 சதவீதத்துக்கு இன்னும் கேவலம். நிஜத்தில் நடக்காத ஒரு மந்தத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் ஆப்பை மாற்றி எழுத ஆரம்பிப்பீர்கள்.

கில்பர்ட் என்ற ஆய்வாளர் 1960-இலும் எலியட் என்பவர் 1963-இலும் இதற்கு ஒரு கணித மாடல் கொடுத்துவிட்டார்கள். நெட்வொர்க்குக்கு நல்ல நிலை, கெட்ட நிலை என்று இரண்டு. நல்லதிலிருந்து கெட்டதுக்கு விழ ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 1 சதவீத வாய்ப்பு, கெட்டதிலிருந்து மீள 25 சதவீத வாய்ப்பு, கெட்ட நிலையில் எல்லாம் தொலையும் என்று வையுங்கள். சராசரியாக ஒரு கொத்துக்கு 4 பாக்கெட் போகும், மொத்த இழப்பு 3.8 சதவீதம் சொச்சம் வரும். நெட்எம்மில் இந்த மாடல் ஏற்கெனவே இருக்கிறது, பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும். ஆனால் உங்கள் பயனாளர்கள் இருக்கும் இடத்தில் ஒருமுறை அளந்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்தால் அதுவே டெஸ்ட் இல்லையா?
– வாசகர், வேலூர்

அதுவும் ஒரு டெஸ்ட், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அது கண்ணியமான சாவு. "நெட் இல்லை" என்று போனே ஆப்புக்குச் சொல்லிவிடும். கஷ்டம் கொடுப்பது, இணைப்பு இருக்கிறது என்று போன் சத்தியம் செய்யும்போது ஒரு பைட்டும் நகராமல் இருக்கும் நிலை. நெட்எம்மில் இழப்பை 100 சதவீதம் என்று வைத்தால் அது வரும். அங்கே உங்கள் ஆப் எத்தனை விநாடி காத்திருக்கிறது, அப்புறம் என்ன சொல்கிறது, மறுபடி முயன்றால் அதே ஆர்டர் எண்ணோடு முயல்கிறதா, புதிதாக ஒன்று போடுகிறதா என்று பாருங்கள். முன்னே சொன்ன டெலிவரி ஆப்பில் கடைசியாகச் செய்த திருத்தமும் இதுதான்: பட்டனை அமுக்கும்போதே போனில் ஓர் அடையாள எண் போட்டுவிடுவது, அதே எண் இரண்டாவது முறை வந்தால் சர்வர் "ஏற்கெனவே வந்தாச்சு" என்று சொல்லிவிடுவது.

நேரில் போய்ப் பதிவு செய்து, அதையே அலுவலகத்தில் திரும்ப ஓட்டலாம் என்கிறார்களே, அது என்ன?
– ஃப்ரீலான்ஸ் டெவலப்பர், பொள்ளாச்சி

இந்த இதழில் எனக்குப் பிடித்த கேள்வி. ட்ரேஸ் எடுப்பது என்று இதற்குப் பெயர். யோசனை புதிதல்ல: 1997-இலேயே கார்னகி மெலனில் பிரையன் நோபிள், மகாதேவ் சத்யநாராயணன் உள்ளிட்ட சிலர், அந்தக் காலத்து வயர்லெஸ் கார்டு போட்ட லேப்டாப்போடு வளாகத்தில் நடந்து தாமதத்தையும் வேகத்தையும் இழப்பையும் பதிவு செய்து, அதையே ஒயர் நெட்வொர்க்கில் திரும்ப உண்டாக்கிக் காட்டினார்கள். 2015-இல் எம்ஐடி குழு மஹிமஹி என்ற கருவியை வெளியிட்டது (ஒரு கடல் மீனின் பேர்), அந்தக் குழுவில் ஹரி பாலகிருஷ்ணன் இருந்தார். சத்யநாராயணன், பாலகிருஷ்ணன் இருவருமே சென்னை ஐஐடியில் படித்துவிட்டுப் போனவர்கள். நம் ஊர் நெட்வொர்க்கில்தான் ஞானம் பெற்றார்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அப்போது இங்கே மொபைல் நெட்வொர்க்கே கிடையாது.

மஹிமஹியின் பதிவு ஃபைல் பார்த்தால் சிரிப்பு வரும், அவ்வளவு எளிது. வரிக்கு ஓர் எண். அந்த மில்லிசெகண்டில் 1500 பைட் பாக்கெட் ஒன்று போகலாம் என்று பொருள். 0, 3, 3, 4, 250 என்று ஐந்து வரி இருந்தால், நாலாவது மில்லிசெகண்டுக்குள் நாலு பாக்கெட் போயிற்று, அப்புறம் கால் விநாடி வாயிலை அடைத்துவிட்டார்கள். மில்லிசெகண்டுக்கு ஒரு வரி என்றால் 12 எம்பிபிஎஸ். சராசரி என்ற பேச்சே இல்லை, எது எப்போது போயிற்று என்பது அப்படியே இருக்கிறது.

நீங்கள் பொள்ளாச்சி என்பதால் சொல்கிறேன், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவில் நான் ஒருமுறை ட்ரேஸ் எடுத்தேன். நண்பர் ஓட்ட, பின்சீட்டில் லேப்டாப்போடு நான். பதிவு சரியாக வர வேண்டுமென்றால் வரிசை காலியாகாமல் பாக்கெட்டைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டவர் தரவில்லையா, நாம் கேட்கவில்லையா என்று பின்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் அன்றைய டேட்டா பாதி மலையிலேயே தீர்ந்து, வழியில் ரீசார்ஜ் செய்ய டவர் இல்லாமல் நின்றது தனிக்கதை. ஒன்பதாவது வளைவில் ஆழியாறு அணை முழுக்கத் தெரியும்போது பிரமாதமாக ஓடியது, கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் சுத்தமாக மௌனம், அப்புறம் ஒரு கீற்று, மறுபடி மௌனம். ஊருக்கு வந்து அந்தப் பதிவை மேசையில் ஓட்டினால் ஆப்பின் போட்டோ அப்லோடு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தொங்கியது. ட்ரேஸின் லாபமே அதுதான், அதே வளைவை நூறு முறை சுற்றலாம், வயிற்றைப் பிரட்டாமல்.

குறை இல்லாமல் இல்லை. அது அந்த நாள், அந்த நேரம், அந்த சிம். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக் கூட்டம் ஏறும்போது வேறு கதை. நாம் கொட்டிக்கொண்டே இருந்ததால் ரேடியோ உறங்கி எழும் நேரமும் பதிவில் வராது, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். குறைந்தது காலை ஒன்று, மாலை ஒன்று, கூட்ட நாளில் ஒன்று என்று எடுத்து வையுங்கள்.

போனை எவர்சில்வர் சம்புடத்தில் போட்டு மூடினால் சிக்னல் குறையுமே, அதை வைத்து டெஸ்ட் செய்யலாமா? சிரிக்காதீர்கள்.
– வாசகர், மதுரை

சிரிக்கவில்லை, நானும் செய்திருக்கிறேன். குறையும், ஆனால் எவ்வளவு என்று உங்கள் கையில் இல்லை. மூடியின் இடுக்கு ஒரு மயிரிழை கூடினாலும் எண் மாறும், நேற்று வந்த பக் இன்று வராது. ஆய்வகங்களில் இதையே ஒழுங்காகச் செய்வார்கள்: சிக்னல் புகாத பெட்டி, உள்ளே ஆன்டெனா, அதிலிருந்து கேபிள், நடுவில் சிக்னலை அளவாகக் குறைக்கும் அட்டெனுவேட்டர். ஒரு டெசிபல், இரண்டு டெசிபல் என்று திருகிக்கொண்டே போகலாம். மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு, அதன் கதவு 2.45 கிகாஹெர்ட்ஸ் கசியாமல் இருக்கச் செய்தது, மற்ற அலைவரிசைகளில் போன் சில சமயம் ரிங் ஆகும். தயவுசெய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு வையுங்கள்.

சிக்னலைக் கெடுக்கிறேன் என்று ஜாமர் மட்டும் வாங்கிவிடாதீர்கள். அரசு அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே இந்தியாவில் சட்டவிரோதம்.

மேக், ஐபோனில் இதற்கு வசதி உண்டா?
– வாசகர், சென்னை

உண்டு. நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர் என்று பெயர். மேக்கில் எக்ஸ்கோடுக்கான (ஆப்பிளின் ஆப் எழுதும் மென்பொருள்) கூடுதல் கருவிகளோடு தனியாக இறக்க வேண்டும், ஐபோனில் டெவலப்பர் செட்டிங்ஸுக்குள் இருக்கிறது. எட்ஜ் (2ஜி வகை), 3ஜி, மிக மோசமான நெட்வொர்க், 100 சதவீத இழப்பு என்று தயார் நிலையில் பட்டியல் இருக்கும், சொந்தமாகவும் போடலாம். டெஸ்ட் முடிந்ததும் அணைக்க மறக்காதீர்கள். நான் மறந்துபோய் வீட்டு இன்டர்நெட்காரரிடம் இரண்டு நாள் சண்டை போட்டேன். அவர் ஆள் அனுப்பி ஒயர் எல்லாம் மாற்றிவிட்டுப் போனார். உண்மையை நான் இன்று வரை சொல்லவில்லை.

ஆண்ட்ராய்டு எமுலேட்டரிலும் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலி போன்) வேகம், தாமதம் இரண்டுக்கும் அமைப்பு உண்டு. ஜிபிஆர்எஸ் (எட்ஜுக்கும் முந்தைய 2ஜி வகை) என்று வைத்தால் தாமதம் 150 முதல் 550 மில்லிசெகண்ட் வரை, எட்ஜ் என்றால் 80 முதல் 400 வரை ஆடும்.

சேனல் எமுலேட்டர் என்று லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். வாங்கச் சொல்லி எங்கள் டைரக்டரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– டெஸ்ட் என்ஜினியர், பெங்களூரு

நீங்கள் ஆப் செய்கிற கம்பெனி என்றால் சம்மதிக்க வைக்கவே வேண்டாம். நெட்எம்மும் மஹிமஹியும் பாக்கெட்டோடு விளையாடுகின்றன, சேனல் எமுலேட்டர் ரேடியோ அலையோடு விளையாடுகிறது. சுவரிலும் பஸ்ஸிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் ஒன்றையொன்று தின்றும் வருவதை அது உண்டாக்கும். 1800 மெகாஹெர்ட்ஸில் பாதி அலைநீளம் சுமார் 8 சென்டிமீட்டர், அதாவது போனை உள்ளங்கை அகலம் நகர்த்தினால் சிக்னல் குழியில் விழலாம், மேட்டில் ஏறலாம். மணிக்கு 120 கிலோமீட்டரில் போகும் காரில் அதே அலைக்கு டாப்ளர் நகர்வு (வேகத்தால் அலையின் அதிர்வெண் மாறுவது) 200 ஹெர்ட்ஸ். நடப்பவருக்கு 5 ஹெர்ட்ஸ், வண்டிக்கு 70, நகரத்தில் மோசமான நிலைக்கு 300 என்று 3ஜிபிபி (மொபைல் நெட்வொர்க் தரங்களை வகுக்கும் அமைப்பு) தரங்களில் தயாரான மாதிரிகள் உண்டு. மோடம், ஆன்டெனா, ரவுட்டர் செய்கிறவர்களுக்கு இது இல்லாமல் ஓடாது.

இதில் பெரிய யானை, அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா கட்டிய கொலோசியம்: 256 சாஃப்ட்வேர் ரேடியோக்கள், ஒவ்வொன்றுக்கும் மற்றவற்றுக்கும் நடுவில் உள்ள காற்றைக் கணக்குப் போட்டே உண்டாக்கும். 2019-இல் முடிந்த அலைக்கற்றைப் பகிர்வுப் போட்டிக்காகக் கட்டியது, இப்போது நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

பெரிய கம்பெனிகள் இதையெல்லாம் நிஜமாகவே செய்கின்றனவா?
– வாசகர், சேலம்

செய்கின்றன. ஃபேஸ்புக் 2015 அக்டோபரில் '2ஜி செவ்வாய்' என்று ஒன்று தொடங்கியது, ஊழியர்கள் விரும்பினால் ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் ஆப்பைப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதே வருடம் மார்ச்சில் நெட்வொர்க்கைக் கெடுத்துப் பார்க்கும் தங்கள் கருவியையும் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். நம் ஊரில் இதற்குச் செவ்வாய்க்கிழமை தேவைப்படாது.

எங்களிடம் ஆள் ஒருவர், நேரம் ஒரு நாள். எந்த டெஸ்ட்டைச் செய்வது?
– ஸ்டார்ட்அப் நடத்துபவர், ஈரோடு

காலையில் நெட்எம் லேப்டாப்பைத் தயார் செய்து, அதை பிங் போட்டுச் சரிபாருங்கள், மதியம் ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு வந்து, உங்கள் ஆப்பில் காசு அல்லது ஆர்டர் சம்பந்தப்பட்ட பட்டன் எதுவோ அதை அமுக்கியதும் பதில் வரும் திசையை மட்டும் 8 விநாடி முழுசாக அடையுங்கள். ரிக்வெஸ்ட் சர்வருக்குப் போய்விடும், பதில்தான் திரும்பாது. அந்த எட்டு விநாடிக்குள் சாதாரண மனுஷர் என்ன செய்வாரோ அதைச் செய்யுங்கள், மறுபடி அமுக்குங்கள், பின்னால் போங்கள், ஆப்பை மூடித் திறங்கள். அப்புறம் திறந்துவிட்டு டேட்டாபேஸைப் பாருங்கள். ஒரு வரி இருந்தால் அடைக்கும் நேரத்தை 30 விநாடி ஆக்கி மறுபடி. இரண்டு வரி இருந்தால் மீதி நாள் அதைச் சரிசெய்யவே போய்விடும், வேறு டெஸ்ட் எதையும் தொட வேண்டாம்.